பில் போட வந்த கோடுகள்

1974 ஜூன் 26, புதன்கிழமை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டிராய் என்றொரு சின்ன ஊர். அங்கிருந்த மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் காலை 8 மணி 1 நிமிடத்துக்கு ஒருவர் தள்ளுவண்டியுடன் கல்லாவுக்கு வந்தார். வெளியாள் அல்ல, மார்ஷ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் கிளைட் டாசன்தான். வண்டிக்குள் கையை விட்டு அவர் முதலில் எடுத்தது ரிக்லி நிறுவனத்தின் ஜூஸி ஃப்ரூட் சூயிங் கம், 10 பாக்கெட் கொண்ட ஒரு கட்டு. கல்லாவில் இருந்த ஷாரன் புக்கானன் அதை வாங்கிக் கண்ணாடித் தட்டின்மேல் இழுத்தார். கீழிருந்து வந்த லேசர் ஒளி கட்டின்மேல் இருந்த கறுப்புக் கோடுகளைப் படித்தது. பில்லில் 67 சென்ட் விழுந்தது.

பெரும்பாலான கம்பெனிகள் அதுவரை தங்கள் பாக்கெட்டுகளில் பார்கோடு அச்சிடத் தொடங்கவில்லை. அதனால் முந்தைய நாள் இரவு, பக்கத்து நகரமான டேட்டனில் தலைமையகம் வைத்திருந்த என்.சி.ஆர். நிறுவனத்தார் ஸ்கேனர்களைப் பொருத்திக்கொண்டிருக்க, மார்ஷ் ஊழியர்கள் நூற்றுக்கணக்கான பொருள்களில் கோடு போட்ட ஸ்டிக்கர்களைக் கையால் ஒட்டினார்கள். விலைச் சீட்டு ஒட்டும் வேலையை ஒழிக்க வந்த இயந்திரம், முதலில் ஸ்டிக்கர் ஒட்ட வைத்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைந்தது.

கூடி நின்றவர்கள் அன்று கவனித்தது பில் போடும் வேகத்தை. அந்த இயந்திரம் இன்னொரு காரியமும் செய்தது. ஒரு கட்டு சூயிங் கம் கடையைவிட்டு வெளியே போகிறது என்பதை, அது போகிற நிமிடத்திலேயே கடைக்குச் சொல்ல அதனால் முடிந்தது. அமெரிக்க மளிகை வியாபாரம் அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பு தொலைத்த ஒரு விஷயம் அது.

அண்ணாச்சி கடையில் சாமான் வாங்கிப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். சரக்கெல்லாம் கடைக்காரருக்குப் பின்னால் இருக்கிறது. அவர் கையால் எடுத்துக் கொடுக்காமல் ஒரு தீப்பெட்டிகூட வெளியே போகாது. துவரம்பருப்பு மூட்டை எந்த மட்டத்தில் நிற்கிறது, எந்தச் சோப்பு இரண்டு நாளில் தீரும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணாலேயே அத்துபடி. அமெரிக்க மளிகைக் கடைகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. 1916 செப்டம்பரில் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து இந்த ஏற்பாட்டைப் புரட்டிப் போட்டார். நுழைவாயிலில் சுழல் தடுப்பு. உள்ளே வளைந்து வளைந்து போகும் ஒற்றைப் பாதை. இரு பக்கமும் அலமாரிகள். பாதை முடியும் இடத்தில் கல்லா. வேண்டியதை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆள் கூலி மிச்சமானது, விலை குறைந்தது, கூட்டம் வந்தது. ஆனால் சரக்கு கடைக்காரரின் கண்ணைவிட்டு அகன்றது.

1930-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், முன்பு கராஜாக இருந்த ஒரு கட்டடத்தில் மைக்கேல் கல்லன் கிங் கல்லன் கடையைத் தொடங்கினார். பெரிய இடம், மலிவு விலை, மலை மலையாகச் சரக்கு என்ற சூப்பர் மார்க்கெட் பாணி அங்கிருந்து பரவியது. கடை பெரிதாகப் பெரிதாக, உள்ளே என்ன இருக்கிறது என்பது கடைக்காரருக்கே புதிரானது. ஊழியர் ஒருவர் நோட்டைப் பிடித்துக்கொண்டு அலமாரி அலமாரியாக நடந்து, குறைந்ததைக் குறித்துக்கொண்டு ஆர்டர் போடுவார். அவ்வப்போது ஸ்டாக் எடுப்பார்கள், டப்பா டப்பாவாகக் கையால் எண்ணி. ஒரு ஸ்டாக் எடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் கணக்கு இருட்டுதான். மளிகை இவ்வளவு, இறைச்சி இவ்வளவு, காய்கறி இவ்வளவு என்று பிரிவு வாரியாகத் தொகை மட்டும் கல்லா இயந்திரத்தில் தெரியும். எந்தப் பொருள் விற்று அந்தப் பணம் சேர்ந்தது என்பது தெரியாது.

மளிகை வியாபாரத்தில் லாபம் மிக மெல்லியது. 100 டாலருக்கு விற்றால் செலவெல்லாம் போகக் கையில் நிற்பது ஒன்றிரண்டு டாலர். அப்படிப்பட்ட தொழிலில் ஒரு டப்பா திருட்டுப் போனால், அந்த இழப்பை ஈடுகட்ட அதே போல ஐம்பது டப்பாவாவது விற்றாக வேண்டும். தேவைக்கு மேல் வாங்கினால் பணம் குடோனில் முடங்கும், பால் கெடும், ரொட்டி பூக்கும். குறைவாக வாங்கினால் வந்தவர் வெறுங்கையோடு போவார். இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிற கயிற்று நடையைத்தான் சூப்பர் மார்க்கெட் மேலாளர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்துவந்தார்கள்.

1948-இல் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டிரெக்ஸல் கல்விநிலையத்துக்கு ஒரு மளிகைச் சங்கிலியின் தலைவர் வந்தார். கல்லாவில் பொருள் விவரம் தானாகப் பதிவாகும்படி ஏதாவது செய்து தர முடியுமா என்று டீனிடம் கேட்டார். டீன் மறுத்துவிட்டார். அது காதில் விழுந்த பெர்னார்ட் சில்வர் என்ற மாணவர் தன் நண்பர் நார்மன் ஜோசப் வுட்லண்டிடம் போய்ச் சொன்னார். வுட்லண்டுக்கு அந்தப் புதிர் பிடித்துப்போனது. மயாமி கடற்கரையில் இருந்த தாத்தா வீட்டுக்குப் போய்த் தங்கி யோசித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே சங்கேத மொழி, சிறுவயதில் சாரணர் படையில் படித்த மோர்ஸ் தந்தி மொழி. ஒரு நாள் கடற்கரையில் உட்கார்ந்து மணலில் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் குத்தியவர், விரல்களை அப்படியே தன்னை நோக்கி இழுத்தார். புள்ளிகள் மெல்லிய கோடுகளாக நீண்டன, கோடுகள் தடித்த பட்டைகளாயின. பார்கோடு பிறந்தது அந்த மணலில்தான்.

1952 அக்டோபரில் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கோடுகளைப் படிக்க ஏற்ற கருவி இல்லை. அவர்கள் செய்து பார்த்த கருவியில் 500 வாட் பல்பு எரிந்தது. அதன் சூட்டில் கோடு போட்ட தாளே கருகிப் புகைந்தது. காப்புரிமையை 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். சில்வர் 1963-இல் இறந்துபோனார். 1969-இல் காப்புரிமையும் காலாவதியானது. அதற்குள் லேசர் வந்துவிட்டது, கம்ப்யூட்டரும் மலிவாகிக்கொண்டு வந்தது.

தொழில்நுட்பம் கைக்கு வந்ததும் மனிதர்களின் பிரச்சினை தொடங்கியது. கடைக்கு ஒரு குறி, கம்பெனிக்கு ஒரு குறி என்று போனால் யாருக்கும் பயனில்லை. 1970-இல் மளிகைத் துறைத் தலைவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். ஹெயின்ஸ் நிறுவனத்தின் தலைவர் பர்ட் குகின் அதற்குத் தலைமை ஏற்றார். ஒரே தொழிலில் பரம எதிரிகளாக இருந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எந்தக் குறியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஆலன் ஹேபர்மன் தலைமையில் தனிக் குழு. ஆர்.சி.ஏ. நிறுவனம் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு குறியைக் கொண்டுவந்தது. 1972-இல் சின்சினாட்டியின் குரோகர் கடையொன்றில் அதைப் பரிசோதித்தும் பார்த்தார்கள். அச்சு இயந்திரம் ஓடும் திசையில் மை சற்றே இழுபட்டால்கூட வட்டம் சிதைந்துபோனது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் நேர்க்கோடுகளை முன்வைத்தார். மை இழுபடும் திசையும் கோடு போகும் திசையும் ஒன்றாக இருந்துவிட்டால், கோடு கொஞ்சம் நீளுமே தவிர அகலம் மாறாது. படிக்க வேண்டியது அகலத்தைத்தான். 1973 ஏப்ரல் 3 அன்று லாரரின் கோடுகளைக் குழு தேர்ந்தெடுத்தது.

அந்தக் கோடுகளில் இருப்பது 12 இலக்கம். தயாரித்தது யார், பொருள் எது, கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். விலை அதில் கிடையாது. கோட்டைப் படித்ததும் ஸ்கேனர் கடையின் கம்ப்யூட்டரைக் கேட்கிறது. விலையைச் சொல்வது கம்ப்யூட்டர். கேட்கும்போதே ‘ஒன்று போயிற்று’ என்று கணக்கிலும் கழித்துக்கொள்ள முடியும்.

குழுவுக்கு ஆலோசனை சொன்ன மெக்கின்ஸி நிறுவனம் வரப்போகும் லாபத்தை இரண்டாகப் பிரித்தது. பில் போடும் நேரம், விலை ஒட்டும் கூலி, கல்லாத் தவறுகள் ஆகியவற்றில் வரும் மிச்சம் உறுதியானது, கையில் எண்ணிப் பார்க்கக்கூடியது என்றது. சரக்கிருப்பைச் சரியாக வைத்திருப்பதாலும் விற்பனை விவரங்களை ஆராய்வதாலும் வரும் மிச்சம் மென்மையானது, வரலாம், வராமலும் போகலாம் என்றது. முதலாளிகள் முதல் வகையை நம்பித்தான் பணம் போட்டார்கள்.

ஆனால் ஸ்கேனர் எளிதில் பரவவில்லை. ‘பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்’ என்ற கதையாகிவிட்டது. கடைகளில் ஸ்கேனர் இல்லாதபோது எதற்குக் கோடு அச்சிட வேண்டும் என்றன கம்பெனிகள். பாக்கெட்டில் கோடு இல்லாதபோது எதற்கு ஸ்கேனர் என்றன கடைகள். இதற்கிடையே நுகர்வோர் அமைப்புகள் கொடி பிடித்தன. ஒவ்வொரு டப்பாவிலும் விலைச் சீட்டு இருந்தால் ஏமாற்ற முடியாது, கம்ப்யூட்டருக்குள் விலையை ஒளித்துவைத்தால் யார் கேட்பது என்பது அவர்கள் வாதம். வேலை போகுமென்று கடை ஊழியர் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்டியே தீர வேண்டும் என்று மிச்சிகன் உள்ளிட்ட சில மாநிலங்கள் சட்டம் போட்டன. 1976-இல் பிசினஸ் வீக் இதழ், சூப்பர் மார்க்கெட் ஸ்கேனர் தோற்றுவிட்டது என்றே எழுதியது.

பிரிட்டனில் 1979 அக்டோபரில்தான் முதல் பார்கோடு ஸ்கேன் ஆனது. இங்கிலாந்தின் ஸ்பால்டிங் என்ற ஊர்க் கடையில் நடந்தது. ஸ்கேன் ஆன பொருள், ஆங்கிலேயரிடம் எதிர்பார்க்கக்கூடியதுதான்: ஒரு பெட்டி தேயிலைப் பைகள்.

1980-களில் நிலைமை மாறியது. பாக்கெட்டுகளில் கோடு பெருகப் பெருக ஸ்கேனர்களும் பெருகின. அந்த முதல் தலைமுறைக் கடைகளுக்கு உண்மையில் எவ்வளவு பயன் கிடைத்தது என்பதைப் பொருளியலாளர் எமெக் பாஸ்கர் பல ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தார். 2012-இல் வெளியான அவருடைய கணக்குப்படி, ஸ்கேனர் வைத்த முதல் சில ஆண்டுகளில் ஒரு கடையில் ஆள் ஒருவருக்கு நடந்த வேலை சராசரியாக 4.5 சதவீதம் கூடியது. பாக்கெட் சரக்கு அதிகம் விற்ற கடைகளில் பயன் இன்னும் அதிகம். லாபமே ஒன்றிரண்டு சதவீதமாக இருக்கும் தொழிலில் இது சின்ன எண் இல்லை. இன்னோர் ஆய்வில், ஸ்கேனர் வந்ததால் மளிகைப் பொருள்களின் விலை குறுகிய காலத்தில் 1.4 சதவீதம் இறங்கியதையும் அவர் காட்டினார்.

‘வரலாம், வராமலும் போகலாம்’ என்ற இரண்டாவது வகை லாபம் மெதுவாக வந்து, வந்தபின் பெரிதாக வளர்ந்தது. அலமாரிகளைப் பார்த்தால் தெரியும். 1975-இல் ஓர் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் சராசரியாக 9,000 வகைப் பொருள்கள் இருந்தன. 2008-இல் அது சுமார் 47,000. நோட்டுப் புத்தகத்தோடு நடக்கும் ஊழியரை நம்பி இத்தனை வகைகளை எந்தக் கடையும் வைத்திருக்க முடியாது. உள்ளே வந்த சரக்கைக் கூட்டி, விற்றதைக் கழித்து, மிச்சம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் தானே ஆர்டர் போடும் கணக்கு முறை பின்னாலிருந்து இதைத் தாங்கிப் பிடித்தது. 25 ஆண்டு நிறைவையொட்டி 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க மளிகைத் துறைக்குப் பார்கோடால் ஆண்டுக்கு 1,700 கோடி டாலர் மிச்சமாவதாக மதிப்பிட்டது.

யார் கையில் அதிகாரம் என்பதும் இந்தக் கணக்கால் மாறியது. தன் பொருள் கடைகளில் எப்படி விற்கிறது என்று அறிய, அதுவரை ஒரு சோப்புக் கம்பெனி நீல்சன் நிறுவனத்தின் தணிக்கையாளர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாதிரிக் கடைகளில் எண்ணித் தரும் அறிக்கைக்காகக் காத்திருந்தது. இப்போது நேற்று எத்தனை விற்றது என்பது கடைக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. இதை வால்மார்ட் அளவுக்கு எவரும் பயன்படுத்தவில்லை. கிராமப்புற ஆர்கன்சாவில் பிறந்த அந்த நிறுவனம் 1987-இல் தன் கடைகளையெல்லாம் தலைமையகத்தோடு செயற்கைக்கோள் வழியாக இணைத்து முடித்தது. 1991-இல் ரீடெய்ல் லிங்க் என்ற ஏற்பாட்டின் மூலம் தன் விற்பனைப் பதிவுகளைச் சரக்கு தருபவர்களுக்கே திறந்துவிட்டது. எங்கள் அலமாரியில் உங்கள் சோப்பு தீரப்போகிறது, பார்த்து அனுப்புவது உங்கள் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம்.

2004-இல் ஃபிரான்சஸ் சூறாவளி ஃபுளோரிடாவை நெருங்கியபோது, சில வாரங்களுக்கு முன் சார்லி சூறாவளி அடித்த சமயத்தில் மக்கள் என்ன வாங்கினார்கள் என்று வால்மார்ட் தன் பதிவுகளைத் துழாவியது. டார்ச் லைட் விற்றிருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம். ஸ்ட்ராபெரி பாப்-டார்ட்ஸ் என்ற காலைச் சிற்றுண்டி வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்ததைக் கம்ப்யூட்டர்தான் சொன்னது. சமைக்க வேண்டாம், கெடாது, பிள்ளைகள் சாப்பிடும். புயலுக்கு முன்பே அவற்றை ஏற்றிக்கொண்டு லாரிகள் புறப்பட்டன.

டிராயில் சூயிங் கம் ஸ்கேன் ஆவதற்குச் சரியாக ஆறு வாரம் முன்பு, 1974 மே 15 அன்று, டோக்கியோவின் டொயோசு பகுதியில் ஜப்பானின் முதல் செவன்-லெவன் கடை திறந்தது. இத்தோ-யோகாடோ என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் அமெரிக்கப் பெயரை உரிமம் வாங்கித் தொடங்கிய மூலைக்கடை அது. இடம் சிறிது, பின்னறை இல்லை என்றே சொல்லலாம். விற்காத பொருளுக்கு அங்கே இடம் கொடுக்க முடியாது. 1982-இல் அவர்கள் கல்லாக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது பில் வேகத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. எந்தப் பொருள், எந்த நேரத்தில், எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்தொடர்வதே நோக்கம். ‘தன்பின் கன்ரி’ என்று அதற்குப் பெயர்.

அந்த முறையில் கம்ப்யூட்டர் தானாக ஆர்டர் போடுவதில்லை. ஆர்டர் போடுகிறவர் கடை ஊழியர், பல சமயம் பகுதிநேரமாக வேலை செய்யும் கல்லூரி மாணவர் அல்லது பக்கத்துத் தெருப் பெண். நாளை வெயில் கூடும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது, எதிர்ப்பள்ளியில் விளையாட்டு விழா இருக்கிறது. அப்படியானால் ஒனிகிரி சோற்று உருண்டை இத்தனை கூடுதலாக விற்கும் என்று அவர் ஓர் ஊகம் செய்து ஆர்டர் போடுகிறார். மறுநாள் கம்ப்யூட்டர் அவர் ஊகம் சரியா தவறா என்று எண்ணிக்கையோடு காட்டுகிறது. பள்ளி விழா பற்றிக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நேற்று எத்தனை மணிக்கு ஒனிகிரி தீர்ந்தது என்பது ஊழியருக்கு நினைவிருக்காது. இருவரும் சேர்ந்துதான் கணக்குப் போட்டார்கள். 1991-இல் அமெரிக்கத் தாய் நிறுவனம் கடனில் மூழ்கியபோது, அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கிக் கரையேற்றியது ஜப்பானியப் பிள்ளைதான்.

மனிதரை ஒதுக்கிவிட்டு இயந்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் பாடம் கிடைத்தது. 1869-இல் தொடங்கிய சேன்ஸ்பரி, பிரிட்டனின் பழம்பெரும் மளிகைப் பெயர். டெஸ்கோ முந்திச் சென்றுவிட்ட கவலையில், 2000-களின் தொடக்கத்தில் பெரும் பணம் போட்டுத் தானியங்கிக் குடோன்களையும் புதிய கம்ப்யூட்டர் முறையையும் கொண்டுவந்தது. சரக்கு குடோனில் இருந்தது. இருப்பதைக் கம்ப்யூட்டரால் ஒழுங்காகப் பின்தொடர முடியவில்லை. கடைகளில் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. 2004-இல் பொறுப்பேற்ற ஜஸ்டின் கிங், அந்த ஆண்டு அக்டோபரில் அந்தச் செலவில் 26 கோடி பவுண்டை வராக்கடனைப் போலக் கணக்கிலிருந்து கழித்தார். கூடவே அலமாரிகளை நிரப்பக் கடைகளுக்கு 3,000 பேரை வேலைக்கு எடுத்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஏட்டுச் சுரைக்காய் எப்படிக் காய்க்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒருவர் ஆறு கப் தயிர் வாங்குகிறார்: ஸ்ட்ராபெரி மூன்று, வெனிலா மூன்று. இரண்டுக்கும் ஒரே விலை. வரிசை நீளமாக இருக்கிறது. கல்லாவில் இருப்பவர் ஒரு ஸ்ட்ராபெரி கப்பை ஸ்கேன் செய்துவிட்டு 6 என்று தட்டுகிறார். பில் சரி, பணம் சரி, வாடிக்கையாளருக்குப் புகாரில்லை. கம்ப்யூட்டர் கணக்கிலோ ஸ்ட்ராபெரியில் ஆறு குறைந்தது, வெனிலாவில் ஒன்றும் குறையவில்லை. இரண்டு நாளில் வெனிலா அலமாரி காலி. ஆனால் மூன்று கப் இருக்கிறது என்று திரை சொல்கிறது. அதனால் ஆர்டர் போகாது. அலமாரியில் இல்லாததால் விற்பனையும் நடக்காது. விற்பனை இல்லாததைப் பார்த்துக் கம்ப்யூட்டர் முடிவுக்கு வருகிறது: வெனிலாவை இப்போது யாரும் விரும்புவதில்லை.

திருட்டு, உடைசல், தவறான இடத்தில் வைத்தது, பெட்டியில் ஒன்று குறைவாக வந்தது என ஒவ்வொன்றும் இதே வேலையைச் செய்யும். நிக்கோல் டி ஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் என்ற ஆய்வாளர்கள் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளை நேரில் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டார்கள். 65 சதவீதப் பதிவுகள் தவறு. உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் தாமஸ் குருயன், டேனியல் கோர்ஸ்டன் குழுவினர் தந்த அறிக்கையில், எந்த நேரத்திலும் சராசரியாக 8.3 சதவீதப் பொருள்கள் அலமாரியில் இருப்பதில்லை என்று கண்டார்கள். அதில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குக் காரணம் கடைக்குள்ளேயே இருந்தது. தயாரிப்பாளரோ லாரியோ அல்ல. நான்கில் ஒரு தடவை அந்தப் பொருள் அதே கடையின் பின்னறையில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

இதற்கு மருந்து என்று அடுத்து வந்தது வானொலி அலையில் பேசும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு. கோட்டைக் கண்ணில் காட்ட வேண்டியதில்லை. பெட்டி வாசலைத் தாண்டினாலே பதிவாகிவிடும். பெரிய சப்ளையர்கள் 100 பேர் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் சில்லு ஒட்டியாக வேண்டும் என்று வால்மார்ட் 2003-இல் கெடு வைத்தது. ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வில், சில்லு வைத்த கடைகளில் காலி அலமாரிகள் 16 சதவீதம் குறைந்தது தெரிந்தது. ஆனாலும் திட்டம் சில ஆண்டுகளில் சுணங்கியது. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கிவிடும். மளிகைக் கடையில் பாதி சரக்கு தகர டப்பா, மீதி பாட்டில். சில்லின் விலையும் ஒரு சூப் டப்பாவின் லாபத்தைத் தின்றுவிடும். துணிக்கடைகளில் அந்தச் சில்லு பிழைத்துக்கொண்டது.

இந்தியாவில் பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பு 1996-இல் தொடங்கியது. சென்னையில் ஆர்.பி.ஜி. குழுமம் ஃபுட்வேர்ல்டு சூப்பர் மார்க்கெட்டைத் திறந்ததும் அதே ஆண்டுதான். இந்தியாவுக்கு ஒதுக்கிய முன்னெண் 890, இலங்கைக்கு 479, மலேசியாவுக்கு 955. 890 என்றிருந்தால் இந்தியப் பொருள், 690 என்றிருந்தால் சீனப் பொருள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பாதிதான் உண்மை. அந்த எண் எந்த நாட்டு அமைப்பிடம் கம்பெனி பதிவு செய்தது என்பதை மட்டும் சொல்லும். பொருள் எங்கே விளைந்தது, எங்கே செய்தது என்று சொல்லாது. நம் ஊர்க் கடைகளின் உண்மையான தலைவலி சில்லறையாக அள்ளிக்கொள்ளும் சரக்கு. கத்தரிக்காய்க்கு எந்தக் கம்பெனியும் கோடு போடாது. அதனால் காய்கறிப் பகுதியில் தராசுக்கு அருகே ஒருவர் நின்று, பையை முடிந்து, எடை போட்டு, தராசே அச்சிட்டுத் தரும் சீட்டை ஒட்டித் தருகிறார். அந்தச் சீட்டின் எண் பெரும்பாலும் 2-இல் தொடங்கும். கடைகள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கிய வரிசை அது. நாட்டுத் தக்காளிக்குப் பதில் பெங்களூர்த் தக்காளி பட்டனை அவர் அழுத்திவிட்டால், தயிர்க் கப் கதை இங்கேயும் தொடங்கிவிடும்.

கடைசியாக ரோபோவும் வந்தது. ஆறடி உயரத்தில் கேமராக்களைச் சுமந்துகொண்டு நடைபாதைகளில் உருண்டு, காலி இடங்களைப் படமெடுக்கும் இயந்திரங்களை வால்மார்ட் 2017-இல் சோதித்து, பிறகு சுமார் 500 கடைகளில் ஓடவிட்டது. 2020 நவம்பரில் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. ஆன்லைன் ஆர்டர்களுக்குப் பொருள் எடுக்க ஊழியர்கள் எப்படியும் நாள் முழுக்க அலமாரிகளுக்கு நடுவே நடக்கிறார்கள்; காலி இடம் அவர்கள் கண்ணிலேயே படுகிறது.

கோடும் மாறப்போகிறது. 2027-க்குள் உலகெங்கும் கல்லாக்கள் கட்டம் போட்ட இருபரிமாணக் குறிகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று பார்கோடு அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. 1974-இன் கோட்டுக்கு எல்லாப் பால் பாக்கெட்டும் ஒன்றுதான். புதிய குறியில் காலாவதித் தேதியையும் தொகுப்பு எண்ணையும் சேர்த்துவைக்கலாம். தேதி தாண்டிய பாலைக் கல்லாவே நிறுத்திவிடும்.

மார்ஷ் நிறுவனம் அதைப் பார்க்க இருக்காது. டிராயில் பீப் சத்தம் கேட்டு 43 ஆண்டுகள் கழித்து, 2017 மே மாதம், அது திவால் மனு கொடுத்தது. அதற்குள் எதிர்க்கடை, பக்கத்துக் கடை, வால்மார்ட் என எல்லாரிடமும் அதே கோடு, அதே ஸ்கேனர், அதே கணக்கு இருந்தது. அதன் கடைகளில் சிலவற்றைப் போட்டியாளர்கள் வாங்கிக்கொண்டார்கள், மற்றவை மூடின. டிராய் கடையில் பொருத்திய அந்த முதல் ஸ்கேனர்களில் ஒன்று இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.